இட் என்பவர் யார்

நாலு மணி ரயில் இன்னும் வரவில்லை.
எல்ல ஸ்டேஷனுக்கு வெளியே
மருதவீரனின் த்ரீவீலரில், பின்சீட்டில் நான்.
மடியில் அவனுடைய சி.ஆர். கொப்பி,
அதில் இன்றைக்கு எழுதிய பதினொரு வாக்கியம்.
திருத்தும் வாக்கியத்துக்கு ஒரு வடை
என்பது எங்கள் கணக்கு.
கெஸ்ட் ஹவுஸ் மேசையில் சாவி கொடுப்பவள் நான்.
அவனைவிட இரண்டு வருஷ இங்கிலீஷ் கூட,
அவ்வளவுதான்.

'டுமாரோ ரெய்ன் வில் கம்.'
பிழை என்று சொல்ல முடியாது.
ஆனாலும் ஒரு மாதிரி,
புதுச் சப்பாத்தோடு
ஈரப் படியில் இறங்குகிறவன் மாதிரி.
மேலே சின்னதாய் எழுதினேன்:
'இட்ஸ் கோயிங் டு ரெய்ன்.'
அவன் முன்சீட்டிலிருந்து திரும்பினான்.
"அந்த இட் யாரு?"

யாரென்று எனக்கும் தெரியாது.
நமக்கு மழை தானாகவே வரும்.
நமுனுகுலப் பக்கம் இருட்டும்,
காற்றில் முதலில் ஒரு மணம்,
பிறகு கூரைத் தகரம் சொல்லிவிடும்.
அவர்களுக்கோ
மழைக்கு முன்னால் ஒருவர் நின்றாக வேண்டும்.
முகமில்லை, ஊரில்லை.
அவர் நிற்காமல் ஒரு துளி விழாது.
"வேலை செய்யாம
செக்ரோல்ல பேர் விழுற ஆளு" என்றான்.
அதைவிட நல்ல இலக்கணம்
எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

'ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்.'
ஹேவிங்கை வெட்டினேன்.
டீயை ஹேவிங் செய்யலாம்,
தங்கச்சிமாரை முடியாது.
"ஒருத்தி ஜோர்தான்ல இருக்கா,
இப்பவும் இருக்காதானே, ஏன் கூடாது?"
பதில் தெரியாததால்
அடுத்த வாக்கியத்துக்குப் போனேன்.

வெட்டி வெட்டித் துளிர்க்க வைப்பது,
கவ்வாத்து என்றொரு உவமை கைக்கு வந்தது.
விட்டுவிட்டேன்.
கவ்வாத்துக் கத்தி பட்ட
அப்பாவின் இடது பெருவிரல்
உவமைக்குள் மடங்காது.

'கைண்ட்லி' ஆறு இடத்தில்.
கைண்ட்லி ஏறுங்கள், கைண்ட்லி கையை உள்ளே எடுங்கள்,
கைண்ட்லி இது என் மாமாவின் கடை.
ஐந்தை எடுத்தேன், ஒன்றை விட்டேன்.
ஆள் அப்படித்தான்.

ஒன்பதாவது:
'மை ஹோம் இஸ் இன் லைன் நம்பர் ஃபோர்.'

பேனா நின்றது.
ஹோமா, ஹவுஸா, ரூமா?
எது இயல்பு என்று கேட்டால்
எங்களுக்கே தமிழில் மூன்று பெயர் இருக்கிறது,
கடிதத்துக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று.
அதுகூடப் பரவாயில்லை.
இந்த 'லைன்'தான் மாட்டிக்கொண்டது.
வெளிநாட்டுக்காரருக்கு அது லயம் இல்லை, வரிசை.
நாலாம் நம்பர் வரிசையில்
நின்றுகொண்டிருக்கிறான் என்று
விளங்கிக்கொள்வார்கள்.

"பிழையா?" என்றான்.

அவன் தாத்தாவின் பெயர் எந்தப் பட்டியலில்,
என் அம்மா காணி உறுதி கேட்டு
எத்தனை காரியாலய வாசலில்.
"இல்ல," என்றேன், "அப்படியே இருக்கட்டும்.
இதுக்கு வடை வேணாம்."

ரயில் வந்தது.
பதுளைக்குப் போய்த் திரும்பிய டச்சுக்காரம்மா
முதுகுப் பையோடு இறங்கி
வானத்தை ஒரு பார்வை பார்த்தார்.
நேற்று முழுக்க இவன் வண்டியில் சுற்றியவர்.
தூரத்திலிருந்தே, கையை உயர்த்தி,
"மருதா! டுமாரோ ரெய்ன் வில் கம்?"

அவன் என்னைப் பார்த்தான்.
நான் கொப்பியைப் பார்த்தேன்.
'கோயிங் டு' இன்னும் மை காயாமல்.

"இட் வில் கம், மேடம்."

சுத்தமாக, தடுக்காமல்,
அங்கேயே பிறந்தவன் மாதிரி.
அந்த இட் யாரென்று
இந்தத் தடவை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.
நமுனுகுலப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது.

வடைக் கணக்கை
அவன் இன்னும் தீர்க்கவில்லை.